மூணாவது சிலிண்டர்

மச்சான்: தள்ளாதீங்க மாமா... தள்ளாதீங்கன்னா! உள்ள பின்னு வளைஞ்சிடும்.

மாமா: போகமாட்டேங்குதே. இதுலயும் ரெண்டு பின்னு, அதுலயும் ரெண்டு பின்னு...

மச்சான்: ரெண்டு கண்ணு இருந்தா எல்லாம் ஒரே மூஞ்சியா? உங்க காரு பிளக் அகலம். இந்தப் புது இன்ஜெக்டருக்கு வாய் சின்னது. வெட்டித்தான் ஆகணும்.

மாமா: எதை?

மச்சான்: உங்க ஒயரை. பழைய பிளக்கை வெட்டிட்டு, புதுப் பிளக்கை அந்த இடத்துல பத்த வைக்கணும்.

மாமா: டேய், இருபத்திரெண்டு வருஷமா யாரும் கை வைக்காத ஒயர்டா அது.

மச்சான்: அதான் தொட்டா உதிருது. இந்தாங்க, கிளிப்பு கையோட வந்துடுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஷோகேஸ்ல வைங்க.

மாமா: கிண்டல் பண்ணாத. அந்தப் பழசையே கழுவி மாட்டினா ஓடாதா?

மச்சான்: மாமா, இன்ஜெக்டர்னா பெட்ரோலைத் தூறல் மாதிரி விடணும். உங்களுது மூடத் தெரியாத குழாய் மாதிரி சொட்டிக்கிட்டு நிக்குது. உள்ள வரும்போது கேட்டேனே, வண்டி இருமிக்கிட்டே வந்துச்சு.

மாமா: பழகிடுச்சு.

மச்சான்: உங்களுக்குப் பழகிடும். எதுவும் பழகிடும்.

மாமா: ...நாலு வருஷம் ஒரு போன் கிடையாது. போன வாரம் திடீர்னு கூப்பிட்டு, "மாமா, இன்ஜெக்டர் செட்டு ஒண்ணு சும்மா கிடக்கு, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டாங்க"ங்கற. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மச்சான்: நீங்க மட்டும் போன் பண்ணீங்களாக்கும். அக்கா உங்களை விட்டு வந்துட்டா, சரி. அதுக்காக நான் உங்களுக்கு மச்சான் இல்லேன்னு ஆயிடுமா?

மாமா: ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

மச்சான்: ...அந்த மல்டிமீட்டரை எடுங்க.

மாமா: மத்த மூணு இன்ஜெக்டருக்கும் டப்பாகூடப் பிரிக்கலையே. சும்மா கிடந்ததுங்கற?

மச்சான்: பிரிக்காமதான் கிடந்தது. பேசாம ஊசியை ரெண்டு பின்னுலயும் வைங்க. பழசுல என்ன காட்டுது?

மாமா: ரெண்டரை ஓம்.

மச்சான்: புதுசுல?

மாமா: பதினாலு. நாலுலயும் பதினாலு. ஏன் இவ்ளோ வித்தியாசம்?

மச்சான்: பழசுக்குத் தடை கம்மி. நேரா விட்டா கரண்ட் கண்டபடி பாயும். அதனால நடுவுல ஒரு பெட்டி வச்சிருக்கான், பாருங்க, பேட்டரிக்குப் பின்னாடி... அந்த அலுமினியப் பெட்டி. அது கரண்டை அடக்கி அனுப்பும். புதுசுக்கு அந்தப் பெட்டியே வேணாம். இருந்தா கரண்ட் பத்தாம முக்கும்.

மாமா: அப்ப பெட்டியைத் தூக்கிட்டு...

மச்சான்: தூக்கிட்டு, ஒரு இன்ஜெக்டருக்கு ஒண்ணுன்னு வர்ற நாலு ஒயரையும் நேரா சேர்த்துட வேண்டியதுதான். அது உங்க வேலை. சால்டர் வைக்கறது என் வேலை.

மாமா: நாலரைக்குள்ள முடிஞ்சிடுமா?

மச்சான்: நாலரைக்கு என்ன?

மாமா: சும்மா கேட்டேன்.

மச்சான்: லீவு நாள்ல உங்களுக்காக ஷெட்டைத் திறந்து வச்சிருக்கேன். நீங்க கடிகாரத்தைப் பாக்கறீங்க.

மாமா: சரி சரி, பாக்கல. ...அம்மா எப்படி இருக்காங்க?

மச்சான்: முட்டி வலி. காது வேற மந்தம். டிவி சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும்.

மாமா: உன் வீட்டுக்காரி?

மச்சான்: திட்டிக்கிட்டே இருக்கா. அப்ப நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்.

மாமா: பாப்பா?

மச்சான்: ஆறாவது போயிட்டா. மாமா ஏன் வர்றதில்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

மாமா: இப்ப?

மச்சான்: இப்பக் கேக்கறதில்ல. ...அந்த பிளேடை இப்படிக் குடுங்க.

மாமா: ம். இந்தா. ...அப்புறம்... மத்தபடி எல்லாரும்?

மச்சான்: எல்லாரும்னா?

மாமா: எல்லாரும்தான்.

மச்சான்: பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு. ஆறு. தாயும் சேயும் நலம்.

மாமா: உனக்கு நக்கல் குறையவே இல்லடா.

மச்சான்: வாயைத் திறந்து கேளுங்க மாமா. யாரு உங்களைக் கடிச்சித் திங்கப் போறாங்க?

மாமா: ...உங்க அக்கா.

மச்சான்: நல்லா இருக்கா. பம்ப் ஹவுஸ்ல இப்ப ஷிப்ட்டுக்கு அவதான் பொறுப்பு. மோட்டார் பக்கத்துல போகாமலே, சத்தத்தை வச்சு பேரிங் போச்சுன்னு சொல்றாளாம். புதுசா வந்த இன்ஜினியரு வாயைப் பொளக்கறாராம்.

மாமா: அவ அப்படித்தானே. கல்யாணமான புதுசுல, பக்கத்து வீட்டு ஃபேனைக் கேட்டுட்டு, "இன்னும் ஒரு வாரம்தான்"னா. அஞ்சாவது நாள் நின்னுடுச்சு. ...நைட் ஷிப்ட்டும் உண்டா?

மச்சான்: மாசத்துல பத்து நாள்.

மாமா: அந்நேரத்துக்குத் தனியா வீட்டுக்கு வந்து, அந்தப் பச்சை கேட்டை அவளே தள்ளித் திறந்து... அது வேற கனமா இருக்கும்.

மச்சான்: பச்சை கேட்டா? வீட்டு ஓனர் அதுக்குப் பச்சை அடிச்சே மூணு மாசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி வெறும் துரு.

மாமா: அது... அந்தப் பக்கம் ஒரு வீட்ல ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனேன். கண்ணாடிக் கடையில வேற என்ன வேலை எனக்கு? வீடு வீடாப் போய் அளவெடுக்கறதுதான்.

மச்சான்: எந்த வீடு?

மாமா: மூலை வீடு.

மச்சான்: மூலையில காலி மனை மாமா. ஆடுதான் மேயுது.

மாமா: ...அடுத்த மூலை.

மச்சான்: சரி. அடுத்த மூலை. இந்த ஒயரைக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க, சால்டர் வைக்கறேன். மூச்சு விடாதீங்க, ஆடுது.

மாமா: ...

மச்சான்: ம், விடலாம். ஒண்ணு முடிஞ்சுது. ...மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?

மாமா: வேணாம்னா விட்டுடுவியா?

மச்சான்: அப்ப உங்க ஆபீஸ் வேலை போனதை ஏன் அக்காகிட்ட சொல்லல?

மாமா: அடுத்த ஒயரை எடு.

மச்சான்: எடுக்கறேன். சொல்லுங்க.

மாமா: அன்னைக்கே சொல்லிடணும்னுதான் வந்தேன். கதவைத் திறந்ததும், "பம்ப் ஹவுஸ்ல என்னை நிரந்தரமாக்கிட்டாங்க"ன்னு குதிக்கறா. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தா. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்குங்கறது அடுத்த வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் சொல்ல வேண்டியது ரெண்டாயிடுச்சுடா. வேலை போனது ஒண்ணு, சொல்லாம இருந்தது ஒண்ணு. ரெண்டாவதுதான் பெருசாகிக்கிட்டே போச்சு.

மச்சான்: தினம் எங்க போனீங்க?

மாமா: மூடிப்போன பர்னிச்சர் கடை ஒண்ணு. அதுக்குப் பின்னாடி நிறுத்திடுவேன். பேப்பரை ரெண்டு தடவை படிப்பேன். வேலைக்கு எழுதிப் போடுவேன். சரியா ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பேன். எவ்ளோ பசிச்சாலும் ஒரு மணிக்கு முன்னாடி திறந்தது கிடையாது. ஆபீஸ்ல இருந்தா எப்படியோ, அப்படி.

மச்சான்: ஏழு மாசம்.

மாமா: ஏழு மாசம், பன்னெண்டு நாள்.

மச்சான்: என் ஷெட்டு இங்கதானே இருந்துச்சு? இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்திருக்கலாம் இல்ல?

மாமா: உன்கிட்ட சொன்னா நீ அவகிட்ட சொல்லிடுவ.

மச்சான்: சொல்லியிருப்பேன்தான்.

மாமா: அதான் வரல.

மச்சான்: அவ கிலோமீட்டரைப் பாத்துத்தானே புடிச்சா?

மாமா: ஆமா. ஆபீஸ் போய் வர முப்பத்தாறு கிலோமீட்டர். வண்டியில தினம் நாலுதான் ஏறியிருக்கு. "என்னங்க, ஆபீஸ் பக்கத்துல வந்துடுச்சா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். "மீட்டர் ரிப்பேரு"ன்னேன்.

மச்சான்: ஐயோ மாமா!

மாமா: யாருகிட்ட? அந்த மீட்டரைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவகிட்ட.

மச்சான்: வேலை போனதுக்கு அவ கோவிச்சுக்கல, தெரியுமில்ல?

மாமா: தெரியும். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போகும்போது சொன்னா. "ஏழு மாசமா நான் யாருக்குச் சோறு கட்டினேன்னே எனக்குத் தெரியல"ன்னா. அவ்ளோதான். சண்டைகூடப் போடல. சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மச்சான்: இருங்க, போன் அடிக்குது. பிளக் நாலும் முடிஞ்சுது, நீங்க அந்தப் பெட்டி ஒயரைச் சேர்த்து டேப் சுத்திடுங்க. நாலையும். ...ஹலோ. ம். ...ஆமா, நடந்துக்கிட்டு இருக்கு. ...இல்ல, இன்னும் சொல்லல. ...ம்ம். நான் பாத்துக்கறேன், நீ வை.

மாமா: யாரு?

மச்சான்: கஸ்டமரு. வண்டி எப்ப முடியும்னு ஒரே தொல்லை. சேர்த்தாச்சா?

மாமா: சேர்த்தாச்சு.

மச்சான்: நாலும்?

மாமா: நாலும்.

மச்சான்: அப்ப ஏறி உக்காருங்க. சாவியை முழுசாத் திருப்பாதீங்க. முதல்ல பெட்ரோல் பம்பு ஓடட்டும்... எங்கயும் ஒழுகல. ம், இப்ப அடிங்க.

மாமா: ஓடுதுடா! ஒரே அடியில புடிச்சுடுச்சு!

மச்சான்: உஷ்... கேளுங்க.

மாமா: நல்லாத்தானே ஓடுது.

மச்சான்: குலுங்குது. மூணாவது சிலிண்டர் அடிக்கல.

மாமா: அது எப்பவும் இருக்கறதுதானே. விடு, எனக்கு இது போதும்.

மச்சான்: புது இன்ஜெக்டரைப் போட்டுட்டுப் பழைய இருமலோட அனுப்பறதுக்கா நான் ஷெட்டு வச்சிருக்கேன்? அணைங்க.

மாமா: இன்ஜெக்டரே கெட்டதா இருக்கும்.

மச்சான்: பதினாலு காட்டுச்சு. நீங்கதான் அளந்தீங்க.

மாமா: அப்ப உன் சால்டரு.

மச்சான்: இழுத்துப் பாருங்க, கழண்டா என் காதை அறுத்துக்கறேன். ...மாமா, இந்த டேப்பு யாரு சுத்துனது?

மாமா: நான்தான். வேற யாரு இருக்கா இங்க?

மச்சான்: மத்த மூணுக்கும் ரெண்டு சுத்து. இதுக்கு மட்டும் எதுக்கு இவ்ளோ கெட்டியா... இருங்க, பிரிக்கறேன்.

மாமா: பிரிக்காதடா, நல்லாத்தான்...

மச்சான்: ஒயரு ரெண்டும் தொடவே இல்லையே.

மாமா: ...விட்டுப்போச்சு போல.

மச்சான்: விட்டுப்போன ஒயருக்கா எட்டு சுத்து சுத்துவாங்க? என்கிட்டயும் ஆரம்பிக்காதீங்க மாமா. தாங்காது எனக்கு.

மாமா: வேணும்னேதான் விட்டேன்.

மச்சான்: ஏன்?

மாமா: வண்டி சத்தமில்லாம ஆயிடுமே.

மச்சான்: ஆகணும்னுதானே காலையில இருந்து குனிஞ்சு குனிஞ்சு முதுகை ஒடிச்சுக்கிட்டு இருக்கோம்?

மாமா: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தத் தெரு வழியாப் போவேன்டா.

மச்சான்: அளவெடுக்கவா?

மாமா: ஒரு அளவும் இல்ல. சும்மா போவேன். ஒண்ணரை வருஷமா. நிறுத்தறதில்ல. அந்த வீட்டுக்கிட்ட செகண்ட் கியர் போட்டு, மெதுவா... அவ்ளோதான். போன வருஷம் ஒரு நாள் மாடிக் கதவு திறந்துச்சு. ஒரு சாண். ஆள் வரல, கதவு மட்டும். அடுத்த வாரமும் திறந்துச்சு. காத்துன்னு நெனச்சேன். காத்து வாராவாரம் அஞ்சு மணிக்கா அடிக்கும்? ...இந்த வண்டி இருமறது அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் திறக்கறா. நீ இதைச் சரி பண்ணிட்டா, நான் போறது யாருக்குத் தெரியும்? எனக்கு அந்த ஒரு சாண் போதும்டா. வண்டி நல்லா ஓடணும்னு இல்ல.

மச்சான்: ஒரு நாள் நிறுத்திப் பாத்திருக்கலாமே.

மாமா: நிறுத்தி? என்ன சொல்றது? அவ எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா, மறுபடியும் ஏதாவது மூலை வீட்டைத்தான் சொல்லித் தொலைப்பேன்.

மச்சான்: கையை எடுங்க. நான் சேர்க்கறேன்.

மாமா: வேணாம்டா... சொன்னாக் கேளு.

மச்சான்: மாமா, இந்த இன்ஜெக்டர் ஒண்ணும் இங்க சும்மா கிடக்கல.

மாமா: பின்ன?

மச்சான்: அக்கா வாங்கியாந்து குடுத்தது. "மூணாவது சிலிண்டர் அடிக்கல, எங்கயாவது நடுரோட்டுல நின்னுடப் போறாரு, நீயா கூப்பிடற மாதிரி கூப்பிட்டு மாட்டி விடு"ன்னா.

மாமா: ...எப்ப?

மச்சான்: போன வாரம்தான் குடுத்தா. ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்கிட்டா. குடுக்க மனசில்லாம பையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கா. "சத்தம் போயிட்டா, அவர் வந்துட்டுப் போறது எனக்கு எப்படிடா தெரியும்?"னு கேக்கறா.

மாமா: நீ... நீ என்ன சொன்ன?

மச்சான்: பெல் அடிப்பாருன்னு சொல்லியிருக்கேன். என்னைப் பொய்யனாக்கிடாதீங்க மாமா.