ஏரிக்கரை வீட்டுக் கதவு

வங்கி அட்டையைத் தொட்டதும் அந்தச் சின்ன மெஷின் ஒரு சத்தம் கொடுக்கும். எனக்கு அது பிடிக்கும். வேலை முடிந்தது, இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை என்று அர்த்தம். வேனில் ஊர் ஊராகப் போய்ப் பூட்டுத் திறக்கிற என்னைப் போன்றவனுக்கு அதுதான் கடை, அதுதான் கல்லாப்பெட்டி. பிராண்டன் ஊர்ப் பக்கத்தில் இப்போது யார் பையில் நோட்டு இருக்கிறது?

கிரான்ட் ஆஸ்ட்ராண்டரிடமும் அட்டையில்தான் வாங்கினேன். போன வருஷத்துக்கு முந்தைய இலையுதிர் காலம். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார். கதவைத் திறந்து, பூட்டை மாற்றி, புதுச் சாவிகளைக் கையில் கொடுத்தேன். முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார். பிறகு வங்கியைக் கூப்பிட்டு, அப்படி ஒரு செலவே தான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். வங்கி பணத்தை என்னிடமிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. நான் அனுப்பிய ஆதாரத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவரிடமே போன் செய்து கேட்டேன்.

"இதோ பாரு ஃபிரீசன், அரை மணி வேலைக்கு அவ்வளவு காசு எவன் குடுப்பான்? வேனுக்குள்ள ஒரு மெஷின் வச்சிருந்தா நீ பெரிய கம்பெனியா?"

"வேலை சரியா நடந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இன்னொரு தடவை கூப்பிட்டேன்னு வையி, ஊர்ல எல்லார் வீட்டுச் சாவிக்கும் நீ நகல் எடுத்து வச்சிருக்கேன்னு எழுதிப் போட்டுடுவேன்."

நான் மறுபடி கூப்பிடவில்லை. இருந்தும் எழுதிப் போட்டார், ஊரே படிக்கிற இணையப் பக்கத்தில். அதைப் படித்த இன்னும் சிலர் தாங்கள் எனக்குக் கொடுத்ததையும் வங்கியில் மறுத்தார்கள். மெஷின் கம்பெனி என் கணக்கை மூடியது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், "கார்டு வாங்க மாட்டியா? அப்ப வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று போனிலேயே முடித்துவிடுவார்கள். என் மனைவி மார்லிஸ் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கப் போனாள். சர்ச்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காராமல் ஆனார்கள். வசந்த காலத்தில் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

அண்ணன் பெயரில் வேறொரு மெஷின் வாங்கினேன். வேனில் புதுப் பெயர் எழுதினேன். பிழைப்பு மெல்ல நடந்தது.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் கர்லிங் கிளப் கேன்டீனில் பெரோகி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரை வீட்டிலிருந்து ஒருவர். விறகெடுக்க வெளியே வந்திருக்கிறார், கதவு பின்னால் பூட்டிக்கொண்டது. கார் சாவி உள்ளே. உடம்பில் கம்பளிச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. அது ஆஸ்ட்ராண்டர் என்று எனக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

தூரம் அதிகம், பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும் என்றேன். போன் உறைக்குள் இருந்த அட்டையைப் பார்த்து எண்களை வாசித்தார். பல் கிட்டித்துப்போய் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. பணம் வந்தது.

"ஜன்னலை உடைச்சு உள்ள போயிடட்டுமாப்பா?"

"ஐயோ, வேண்டாம் சார். குளிர் உள்ள பூந்தா தண்ணி உறைஞ்சு குழாயெல்லாம் வெடிச்சிடும். நான் பக்கத்துலதான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்."

"அப்ப ரோடு வரைக்கும் நடந்து பாக்கறேன்."

"இந்தக் குளிர்ல அந்தப் பக்கம் எந்த வண்டி வருது? காத்து படாம வாசல்லயே உக்காருங்க. அசையாதீங்க."

"சீக்கிரம் வாப்பா. நீ நல்லா இருப்பே."

நான் சொன்னதில் பொய்யான யோசனை எதுவும் இல்லை. குழாய்கள் வெடிக்கத்தான் செய்யும். இன்னொரு தட்டு பெரோகி வாங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனித்தரையில் கல் தள்ளும் ஆட்டம் விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் எடுத்து மரியாதையாகவே பேசினேன். "வளைவு திரும்பிட்டேன் சார், இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். கடைசியாகப் பேசியபோது நாக்குக் குழறியது. குளிரே தெரியவில்லை, உடம்பெல்லாம் சூடாக இருக்கிறது, சட்டையைக் கழற்றப் போகிறேன் என்றார். உறைந்து சாகப் போகிறவனுக்குத்தான் அப்படித் தோன்றும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் வேனைக் கிளப்பினேன். வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டேன்.

சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கதவில் சாய்ந்திருந்ததால் சற்று நகர்த்த வேண்டியிருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட விழாமல் திறந்தேன். உள்ளே இன்னும் கதகதப்பாக இருந்தது. அதன் பிறகுதான், போலீஸ் அதிகாரி அவர்களே, உங்களைக் கூப்பிட்டேன்.

பழிவாங்கினாயா என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணம் இருந்திருந்தால், காசை வாங்கிக்கொண்டு போகாமலே இருந்திருப்பேன். நான் போனேன். கதவைத் திறந்து கொடுத்தேன்.