தந்தையின் வேலை குறித்து மகள் எழுதிய ஆலோசனை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

திருவரங்கத்திலிருந்து மன்னார்புரம் செல்லும் காலைப் பேருந்தில், எனக்கு முன்னிருந்த இருக்கையில் ஒரு தந்தையும் கல்லூரியில் பயிலும் அவர் மகளும் அமர்ந்திருந்தனர். ஓர் ஆலோசனை நிறுவனத்தில் தன் பயிற்சி வேலைக்காக மகள் தயாரித்திருந்த அறிக்கையை அவள் மடிக்கணினியில் எட்டிப் பார்த்துத் தந்தை கூறிய முதல் வாக்கியமே என்னைச் செவிசாய்க்க வைத்தது.

“ஸ்டோர் கீப்பர் தேவையில்லைன்னு போட்டிருக்கே. எங்க குடோன்ல ஸ்டோர் கீப்பர் நான் ஒருத்தன்தானேம்மா?”

“பேரு போடலப்பா.”

“ரொம்ப மரியாதை! பத்து மணிக்கு மேல நான் சும்மாதான் இருப்பேன்னு உனக்கு யாரு சொன்னா?”

“நீங்கதான். புராஜெக்ட்டுக்குன்னு கேட்டேன், சாப்பிட்டுக்கிட்டே சொன்னீங்க.”

“சோத்துத் தட்டுக்கு முன்னாடியே கன்சல்டிங்கா! உன்னை எப்படி இன்டர்னா எடுத்தாங்க?”

“திருச்சியில ஒரு நாளைக்கு எத்தனை தோசை விக்கும்னு கேட்டாங்க. தயங்காம ஒரு நம்பர் சொன்னேன்.”

“சரியா இருந்துச்சா?”

“யாருக்குப்பா தெரியும்? யோசிக்கிற விதத்தைத்தான் பார்ப்பாங்க.”

“நல்லவேளை, எங்க குடோனுக்கு அப்படி ஆள் எடுக்கல.”

பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தது. மகள் தாழ்ந்த குரலில், “அந்தப் பக்கத்தை எடுத்துடவாப்பா?” என்றாள்.

“எடுத்தா, படிப்பு முடிஞ்சதும் வேலை தருவாங்களா?”

“இன்னைக்கு பிரசன்டேஷனைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. அதுல முக்கியமான பக்கமே இதுதான்.”

“அப்ப இருக்கட்டும். ஆனா குடோன்ல தொண்ணூறு ரேக்குன்னு போட்டிருக்கே, அது தப்பு. எழுபத்திரண்டுதான். உங்க சாருங்க முன்னாடி மாட்டிக்காத, திருத்து.”

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மகள் எண்ணைத் திருத்தினாள்.

கேட்டதைக் கேட்டவாறே எழுதியுள்ளேன். இக்குறிப்பைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.