மஞ்சளைக் குறைத்த படம்

எல்லா பிரிண்டருக்கும் ஒரு குணம் உண்டு ஐயா. என் வீட்டில் இருப்பதில் மஞ்சள் சற்றுத் தூக்கலாக விழும். கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்ய நிறத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. மவுஸால் இப்படி இழுத்தால் கூடும், அப்படி இழுத்தால் குறையும். நான் மஞ்சளைக் குறைத்தேதான் வைத்திருந்தேன். இதைத் தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் பிழைப்பும் அதுதான். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனியில் நிறம் பார்த்து, குறையுள்ளதைக் கழிக்கிறவன் நான். அழுக்கைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், துடைத்தால் போய்விடும். மஞ்சள் பூத்த வெள்ளையைக் கண்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

என் தம்பி மொஹசின் சவூதியில் தம்மாமில் வேலையில் இருந்தான். அவன் மனைவி ஷமீமா பொன்னேரியில் எங்களோடு இருந்தாள். இந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவளுக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், கேட்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடனே சென்னைக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்றார். தம்பி அனுப்பிய பணமோ மாடி கட்டுவதில் இறங்கியிருந்தது. அவன் கலங்கிப்போய் வேலையை விட்டுவிட்டு வந்தால் மாடி பாதியில் நிற்கும். மூத்தவன் நான் யோசிக்கத்தானே வேண்டும்?

உள்ளதைச் சொல்கிறேன். அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நகம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள், தலையணையில் படிந்த வியர்வையும் மஞ்சள். அவள் கை பட்ட தட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கும்படி என் மனைவி சைதாவிடம் சொல்லிவிட்டேன்.

போனில் ஷமீமா அழுதால் தம்பி நம்புவதில்லை. தன்னை வரவழைக்க நடிக்கிறாள் என்பான். அவன் போனில் படம் வராது, அதனால் விடுமுறை முடிந்து தம்மாம் திரும்புகிறவர் யாரிடமாவது போட்டோ கொடுத்தனுப்பச் சொன்னான். நான்தான் எடுத்தேன், நான்தான் அச்சடித்தேன். மஞ்சளைக் குறைக்கும் பக்கம் கடைசிவரை இழுத்துவிட்டேன். முகத்தில் ரத்தம் ஓடுகிறாற்போல் வந்தது.

அதைப் பார்த்துவிட்டு அவள் என்னிடமே திருப்பி நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"இன்னா மச்சான், இதுல எனுக்கு ஒண்ணுமே இல்லாத மாரி கீது. இன்னொண்ணு எடுங்க. கண்ணு தெரியிற மாரி எடுங்க. அவரு பாத்தா வந்துடுவாரு."

விரலால் கீழிமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். அந்தக் கண்ணை நினைத்தால் இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்பத் தோன்றுகிறது. அச்சில் அதை வெள்ளையாக்கி, அவள் கேட்பதற்குள் கவரை ஒட்டிவிட்டேன். "படம் நல்லா உயுந்துகீது" என்று சொல்லவும் செய்தேன்.

படம் கிடைத்ததும் தம்பி போன் செய்தான்.

"இன்னாண்ணே, இவ கண்ணை இஸ்துக்கினு எனுக்கு அழகு காட்டுறா? நல்லாத்தான கீறா. சும்மா பேஜார் பண்ணிக்கினு." சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவளால் அப்போது எழுந்து வர முடியாது. படுத்தபடியே, "இன்னா சொன்னாரு மச்சான்?" என்றாள்.

"மருந்து ஒயுங்கா சாப்புடச் சொன்னான்" என்றேன்.

அடுத்த வாரம் அடக்கம் செய்தோம். தம்பி வந்து சேர்ந்தபோது மாடிக்குத் தளம் போட்டாகிவிட்டது. அவன் மேலே ஏறியே பார்க்கவில்லை. டாக்டரிடம் போனான், அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தான்.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் குறைத்தேன். பிரிண்டரில் பழுது ஒன்றும் இல்லை. தம்பி உண்மையைப் பார்த்தால் அவள் பிழைப்பாள் என்று தெரியும், பார்க்காவிட்டால் சாவாள் என்றும் தெரியும். ஆனால் அசிங்கத்தை அவன் கண்ணுக்குக் காட்டாமல் காப்பாற்றினேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நேற்று நீங்களே அந்தக் கண் படத்தை எந்த நிறத்தையும் தொடாமல் அச்சடிக்க வைத்து, தம்பி கையில் கொடுத்தீர்கள். அவன் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். பார்த்தீர்களா ஐயா, அவனுக்கும் அந்த மஞ்சள் ஆகவில்லை.