சந்தனம் பூசிய சர்வரும் சித்ரலேகா அம்மையாரும்

மேடையில் முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்திருக்கும் நிர்வாகத்தாரே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் அச்சகத் தோழர்களே, அம்மையாருக்காக வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயி சுடலைராஜ் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மாலைப் பத்திரிகையின் கணினிப் பிரிவுத் தலைவர் சித்ரலேகா அம்மையார் மறைந்துவிட்டார். எனக்கு முன் பேசிய மேலாளர் சிவசண்முகம் அவர்கள், அம்மையாரை 'நிறுவனத்தின் தூண்' என்றார். தூணா? உயிரோடு இருந்தபோது அந்தத் தூணை என்ன பாடு படுத்தினீர்கள் என்று யாராவது சொல்ல வேண்டாமா? நான் நிருபன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆற்றுமணல் லாரிகளை மறித்த சுடலைராஜ்மீது, ஓட்டுநரை வெட்டியதாக வழக்கு. அவர் வெறுங்கையோடு நின்றதையும், லாரி ஆட்கள் அவரை அடித்துச் சாய்த்ததையும் நான் படம்பிடித்திருந்தேன். அந்தப் பதிவு இருந்த ஒரே இடம் அலுவலக சர்வர். ஒன்று கெட்டால் மற்றது தாங்கட்டும் என்று அதில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒன்று கெட்டது. சர்வர் அலறியது. சித்ரலேகா அன்று அம்பாசமுத்திரத்தில், தங்கை மகள் திருமணத்தில் இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? இல்லை! அலறிய ஒலிப்பானின் வயரை மட்டும் பிடுங்கினீர்கள். மறுநாள் ஆயுத பூஜை. சர்வரில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தீர்கள். சர்வரை நிறுத்திச் சூடம் காட்டிச் சுண்டல் தின்றீர்கள். என்னே பக்தி! மீண்டும் இயக்கியபோது இரண்டாவது டிஸ்க்கும் திக்கியது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அமைப்பே சிதைந்துபோனது.

ஓடிவந்தார் சித்ரலேகா. மேலாளர் சொன்னார்: "ரிப்பேர் கட்டளையைப் போட்டுவிடும்மா. உடனே சரியாயிரும்னு என் மச்சினன் சொல்லுதான்."

"உங்க மச்சினன் கல்யாண வீட்டுல வீடியோ பிடிக்கவரு அண்ணாச்சி. மூச்சு வாங்கிக் கிடக்கவனை எழுப்பி ஓடச் சொல்லுதியளா? முதல்ல பைய நகல் எடுக்கணும். பிறகு அந்த நகல்லதான் கை வைக்கணும்."

"போனது போகட்டும்மா. லாரிக்காரர் நமக்கு விளம்பரம் தாறவரு."

"அப்ப சுடலைராஜ் ஜெயிலுக்குப் போகட்டுமா? வெளிய போங்க அண்ணாச்சி, நான் வேலை பாக்கணும்!"

மேலாளர் வெளியே போனார். மரியாதை தெரியாதவள் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். இன்று தூண் என்கிறார்!

அம்மையார் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் புது டிஸ்க்கில் நகலெடுத்தார். அடுத்துத்தான் அடம்பிடித்த பகுதிகளில் கை வைத்தார். அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்த பிறகே பழுதுபார்க்கத் தொடங்கினார். மீண்ட கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். திருமணங்கள், திறப்பு விழாக்கள், மேலாளரின் பிறந்தநாள்! அவற்றுக்கெல்லாம் பின்னால், மணல்மேட்டில் வெறுங்கையோடு நின்றார் சுடலைராஜ். நீதிமன்றம் அதைப் பார்த்தது. அவரை விடுதலை செய்தது.

இப்போது வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் மேல்முறையீட்டில் இருக்கிறது. அந்த லாரி முதலாளியின் மலர்வளையம் அம்மையார் படத்தின் கீழே கிடக்கிறது. அதை வெட்கமில்லாமல் வாங்கி வைத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பதிவுக்கு மூன்று நகல்கள் உண்டு. அம்மையாரே எடுத்து, எனக்குக் காட்டி, பத்திரப்படுத்தினார். ஒன்றுகூட இந்தக் கட்டடத்தில் இல்லை. எங்கே என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சித்ரலேகா அம்மையாரே, உங்கள் வேலை நிற்காது. சுடலைராஜ் அண்ணாச்சி, மதுரையில் உங்களை அழைக்கும் நாளில், பதிவோடு உங்களுக்கு முன்னால் நான் போய் நிற்பேன்.