பிரிஜாவை மன்னிக்கப் போற வழியில

…வார்னிங்குன்னா வேற, எரர்னா வேற ஓய்! இது அந்தப் பிள்ளைக்கித் தெரியல்ல. பாத்து ஏறும், படி ஒசரம். அன்னா, ரெண்டு சீட்டு காலியாக் கெடக்கு, நீரு சன்னல் பக்கம் இரியும். கம்ப்யூட்டரு ஆயிரம் வார்னிங் சொல்லும். வீட்டுல பெஞ்சாதி சொல்லுகது மாதிரின்னு வையும், கேட்டுக்கிட்டே நம்ம ஜோலியப் பாக்கணும். எரர்னு சொன்னா மட்டுந்தான் திரும்பிப் பாக்கணும். இருவது வருச சர்வீசுல நான் படிச்சது இதுதான்.

நீரும் இனயத்துக்குத்தானே? தலைய ஆட்டாதியும், எனக்குத் தெரியும். பஸ்ஸ்டாண்டுல உம்ம பாத்த உடனே நெனச்சேன், இது கடக்காத்து பட்ட மொகம்னு. அதான் உமக்க பொறத்தால பேசிக்கிட்டே ஏறிட்டேன். ஏ கண்டக்டர் தம்பி! இவருக்கு எங்கயோ எனக்கும் அங்கதான், அதே டிக்கெட்டு ஒண்ணு குடு. ஆங்.

என்ன சொல்ல வந்தேன்? ஆ, பிரிஜா. இனயத்துல மரியஜான்னு ஒருத்தர், கடலுக்குப் போறவரு, அவருக்க மூத்த மக. எங்க கம்பெனியில வேலைக்கி இருந்தா. போன வெள்ளிக்கெழம முதலாளி அவள நிறுத்திட்டாரு. இன்னைக்கி சாயந்தர ரயில்ல சென்னைக்குப் போறா, அங்க அத்த வீட்டுல நின்னு துணிக்கடையில வேல பாக்கப் போறாளாம். எம்சிஏ படிச்ச பிள்ள! நாலு மணிக்கி வீட்டுல இருந்து எறங்கிருவா. அதுக்குள்ள நான் போய்ச் சேரணும். போய், அவள மன்னிச்சாச்சுன்னு சொல்லிக் கூட்டிட்டு வரணும். போன்ல சொல்லப்பிடாதான்னு கேப்பீரு. போன்ல மன்னிச்சா அதுக்கொரு மரியாத உண்டுமா ஓய்? நேர்ல போய் மன்னிக்கணும்.

எனக்குப் பேரு செல்வதாஸ். ஆசுபத்திரிகளுக்கு சாப்ட்வேர் செஞ்சு குடுக்க சின்ன கம்பெனி, நாகர்கோயில்ல. அஞ்சு பேரு. சீனியரு நான்தான். ஒரு நோயாளிக்க விவரம் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு ஒயருல போவும்போ, நடுவுல ஒருத்தன் எட்டிப் படிச்சிரப்பிடாதுல்லா? அதுக்குப் பூட்டுப் போடுகதுக்குன்னு ஒரு லைப்ரரி உண்டு. லைப்ரரின்னா புஸ்தகம் அடுக்குகது இல்ல ஓய், எல்லாம் கணக்கு. வெளிநாட்டுல நாலஞ்சு பேரு எழுதி சும்மாவே குடுக்கான். அந்தப் பூட்டுல ஓட்ட இருக்குன்னு இப்பம் புதுசு விட்டுருக்கான். நம்ம ஆசுபத்திரிகள்ல உள்ள மெஷினெல்லாம் பழசு, அதுக்கு ரெடிமேடாக் கிட்டாது. சோர்ஸ் கோட எறக்கி நாமளே பில்டு பண்ணணும். எப்பிடின்னா… உமக்கு மீனு கணக்குல சொல்லுகேன். சோர்ஸ் கோடுன்னா பச்ச மீனு. செதிலு தட்டி, வெட்டி, கழுவி, கறி வச்சு, உப்பு பாத்து, டப்பாவுல அடச்சி, மேல சீட்டு ஒட்டிக் குடுக்கணும். டப்பாவுல அடைக்கதுதான் பேக்கேஜு. உப்பு பாக்கதுதான் டெஸ்டு. நானூத்தி சொச்சம் டெஸ்டு உண்டும். அதுல ஒண்ணு தோத்தாலும் டப்பாவ அடைக்கப்பிடாது, அது எனக்க சட்டம்.

தோத்துது ஓய்! ஒம்பது நாளு. தெனமும் தோத்துது.

என்னது? இரும், சொல்லி முடிக்கட்டு.

முதல்ல கரண்டுக்காரனுவளத்தான் சொல்லணும். ஒரு மணிக்கூர் இருந்தா ரெண்டு மணிக்கூர் இருக்காது. யூபிஎஸ்ஸுக்க பேட்டரி வீங்கிப் போயி பலாக்கொட்ட மாதிரி இருக்கு. பாதி பில்டு ஓடும்போ பொசுக்குன்னு நிக்கும், திரும்ப முதல்ல இருந்து வைக்கணும். அடுத்தது அந்த வெளிநாட்டுக்காரனுவ. நான் ஒரு மெயிலு போட்டேன் பாரும்… பூரா பெரிய எழுத்துல! 'டெஸ்டு எழுதத் தெரியாதவனெல்லாம் எதுக்குடே பூட்டு செய்யப் போறியோ'ன்னு, இங்கிலீஷுல கேட்டேன். ஒருத்தன் ஒரே ஒரு வரி பதிலு போட்டான். 'உங்க மெஷின்ல தேதி என்னன்னு பாத்தீங்களா?' எப்பிடி இருக்கு? இருவது வருச சர்வீசு உள்ளவன்கிட்ட தேதி கேக்கான்! அழிச்சிட்டேன் அந்த மெயில.

தக்கல வந்தாச்சா? கொள்ளாம், வண்டி நல்லாப் போவுது. என்ன ஓய், திரும்பத் திரும்ப சன்னலுக்க வெளிய கையக் காட்டுகீரு? காத்து வேணுமா? நல்லாத் தொறந்து வையும்.

எங்க விட்டேன்… தோக்குது. எங்கிட்டு தோக்குது? முன்னூத்தி பன்னெண்டாவது டெஸ்டுல. அது ஒரு சர்ட்டிபிகேட்டு வச்சுப் பாக்குக டெஸ்டு. 'நான் இன்ன ஆளு, இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் செல்லும்'னு ஒரு சீட்டு உண்டும்லா, அது. மெஷினு அந்தச் சீட்டப் பாத்துட்டு சொல்லுது, 'இது இன்னும் செல்லத் தொடங்கல்ல.' எப்பிடி? ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டக் கையில வச்சிட்டு நிக்க பிள்ளயப் பாத்து, நீ இன்னும் பொறக்கவே இல்லன்னு பாஸ்டரு சொன்னா எப்பிடி இருக்கும்? அப்பிடி. நான் பிரிஜாவ விளிச்சு நிறுத்தி ஏசுனேன். நீ என்னத்தயோ பாராம அமுக்கிட்டன்னு. அவ நின்னா. 'சார், ஒரு காரியம்…'ன்னா. 'காரியமெல்லாம் பொறவு, முதல்ல திரும்ப ஓட்டு'ன்னேன்.

அவ தெனமும் வருவா ஓய், அந்த 'ஒரு காரியத்த' தூக்கிட்டு. மேசைக்கப் பக்கத்துல வந்து நிப்பா. நான் அவளுக்கு சோர்ஸ் கோடுன்னா என்னன்னு சொல்லிக் குடுத்திட்டு இருப்பேன். வெளிநாட்டுக்காரன் எப்பிடி ஏமாத்துகான்னு சொல்லிக் குடுப்பேன். ஒரு மணிக்கூர் ஆனா கரண்டு போயிரும், அவளும் போயிருவா. ஒருநாளு சொன்னா, 'மெஷின ஆன் செய்யும்போ கறுப்புத் திரையில என்னமோ எழுதி, எஃப் ஒண்ணுன்னுள்ள பட்டன அமுக்கச் சொல்லுது சார்.' நான் என்ன சொன்னேன்? அமுக்கிட்டுப் போ மக்கா, கேள்வி கேக்காதன்னேன். பின்ன 'எதிர்காலத்துல எழுதின பைலுன்னு வார்னிங் வருது'ன்னா. அதுக்குத்தான் வார்னிங் வேற, எரர் வேறன்னு முழு கிளாசு எடுத்தேன்.

இரும் ஓய்! நல்ல எடத்துல வந்து நிக்கேன், இப்பம் போயி தோளத் தட்டுகீரு.

பத்தாவது நாளு முதலாளி முத்துநாயகம் கேட்டாரு, எதுக்கு இவ்வளவு நாளாவுதுன்னு. நான் எழுதிக் குடுத்தேன். 'பிரிஜாவுக்க கவனக்குறைவு.' அவ்வளவுதான். ரெண்டே வார்த்த. நான் ரெண்டு வார்த்தையில எழுதினது வாழ்க்கையில அது ஒண்ணுதான்… அவ டிபன் பாத்திரத்த எடுத்து பையில வச்சா, 'வாறேன் சார்'னா. போயிட்டா.

என்ன ஓய் அப்பிடிப் பாக்கீரு? செரி, உள்ளதச் சொல்லுகேன். உம்ம இனி எப்பம் பாக்கப் போறேன்.

இன்னைக்கி காலையில அந்த மெஷினுக்குள்ள ஒரு பல்லி ஏறிட்டு. அத வெரட்டப் பொட்டியத் தொறந்தேன். உள்ள ஒரு எடம் காலியாக் கெடக்கு. வட்டமா, ஒரு ரூவா துட்டு அளவுக்கு. அங்க ஒரு சின்ன பேட்டரி இருக்கணும் ஓய். கரண்டு போனாலும் மெஷினுக்கு தேதிய ஞாபகம் வச்சிருக்க பேட்டரி. அது இல்லங்கி, கரண்டு போய் வரும்போ எல்லாம் அந்த மெஷினு ரெண்டாயிரத்தி மூணு ஜனவரி ஒண்ணுன்னு நெனச்சிக்கிடும். நம்ம சர்ட்டிபிகேட்டு பொறந்தது ரெண்டாயிரத்தி ஒம்பதுல. ரெண்டாயிரத்தி மூணுல நிக்கவன்கிட்ட போயி அந்தச் சீட்டக் காட்டுனா, இது இன்னும் செல்லத் தொடங்கல்லன்னு சொல்லத்தான் செய்வான். மெஷினு சரியாத்தான் சொல்லிருக்கு. பிள்ளையும் சரியாத்தான் சொல்ல வந்திருக்கா.

நெட்டுல போட்டிருந்தா அதுவே சரியான தேதியப் பாத்து எடுத்திருக்கும். பூட்டு செய்யுக மெஷின நெட்டுல போடப்பிடாதுன்னு ஒயரப் புடுங்கினது நான். அவளாவது மாத்திருக்கலாம்… எப்பிடி மாத்துவா? தேதிய மாத்தணும்னா பாஸ்வேர்டு வேணும். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

பேட்டரிய எவன் எடுத்தான்னுதான கேக்க வாறீரு?

மச்சினன் ஜாஸ்பர் துபாய்ல இருந்து ஒரு எலக்ட்ரானிக் மெழுகுவர்த்தி கொண்டு வந்தான். நெசத் தீ மாதிரி ஆடும். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கி சபையில எல்லாரும் மெழுகுவர்த்தி பிடிச்சிட்டு நிப்பாவல்லா? நான் அதக் கொண்டு போவணும்னு ஆசப்பட்டேன். பாத்தா பேட்டரி, அதுவும் இதே துட்டு அளவு, தீந்து கெடக்கு. ஞாயித்துக்கெழம, கடை ஒண்ணும் கெடையாது. ஆபீசுச் சாவி கையில இருந்துது… திங்கக்கெழமையே திரும்ப வைக்கணும்னுதான் நெனச்சேன் ஓய். சபையில எல்லாரும் எனக்க மெழுகுவர்த்தியத்தான் பாத்தாவ. பாஸ்டரு பிரசங்கத்துக்க நடுவுல ரெண்டு தடவ பாத்தாரு. அந்த சந்தோசத்துல மறந்தே போயிட்டேன்.

மன்னிக்கப் போறேன்னு சொன்னேம்லா… அத விட்டுரும். எனக்கு வெக்கமா இருக்கு. காலையில இருந்து ஒரு வாய் சோறு எறங்கல்ல. பெஞ்சாதி நேசபாய்கிட்ட கூடச் சொல்லல்ல, உம்மகிட்டதான் சொல்லுகேன். அந்த அப்பன் கடல்ல கெடந்து படிக்க வச்ச பிள்ள. அவளக் கொண்டு போயி துணிக்கடையில நிக்க வச்சிட்டேன் பாத்தீரா.

…இதென்ன ஓய் வழி நெடுக ஒரே ரப்பரு மரமா இருக்கு? மரத்துக்கு மரம் செரட்ட கட்டித் தொங்குது. இனயத்துக்குப் போற வழியில எப்பம் ரப்பரு வச்சான்? மீன் வாடையும் காணல்ல. குளிரயில்லா செய்யுது.

என்னது?

குலசேகரமா?

இந்த வண்டி குலசேகரத்துக்கா போவுது? மலைக்கா! கடலு அங்கோடி கெடக்கு, நான் மலையில ஏறிட்டு இருக்கேனா! மணி என்ன… மூணே முக்கால்! ஏன் ஓய் சொல்லல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா…

என்னது? சொன்னீரா? எப்பம்?

பஸ்ஸ்டாண்டுலயேவா? …டிக்கெட்டு எடுக்கும்போவா? …தக்கலையிலயுமா? தோளத் தட்டுனது அதுக்கா?

நாலு தடவ. நாலு தடவ சொல்ல வந்தீரு. நான்தான் இரும் இரும்னு…

அந்தப் பிள்ள ஒம்பது நாளு வந்து நின்னா.

வேண்டாம், வண்டிய நிறுத்தச் சொல்லாதியும். இனி எறங்கி என்ன செய்ய? திரும்பிப் போய்ச் சேர ஆறு மணி ஆவும். போன எடுக்கேன். ரிங்கு போவுது. எடுக்க மாட்டா. எடுக்கப்பிடாது, நானா இருந்தா எடுக்க மாட்டேன். எடுத்தா என்ன சொல்லுகது ஓய்? எங்க இருந்து தொடங்குகது? சோர்ஸ் கோடுல இருந்து தொடங்…

ஹலோ. பிரிஜா… செல்வதாஸ் சாருதான் மக்கா. வச்சிராத. பேட்டரிய எடுத்தது நான். தப்பு எனக்க மேலதான். முதலாளிகிட்ட இன்னைக்கே சொல்லுகேன்.

இல்ல, நான் ஒண்ணும் பேசல்ல. நீ சொல்லு. நான் கேக்கேன்.

ம்…

ஷ்ஷ்! ஓய், நீரு கொஞ்சம் சும்ம இரியும். பிள்ள பேசுகா.

ம்.

ம்.