எல்லாம் லைட்டாதான்

தி.நகரிலிருந்து சைதாப்பேட்டை போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஜவுளிக்கடை ஊழியர்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“காலையில லைட்டாதான் டிபன் துன்னேன் மச்சி. அப்பால லைட்டா நெஞ்சு வலி. கேஸ்னு நெனச்சி சோடா குடிச்சேன்.”

“இப்ப?”

“லைட்டா கீது. எடது கையிலயும் லைட்டா.”

“ஊட்ல சொன்னியா?”

“லைட்டா சொன்னேன். பயந்துடுவா இல்ல?”

எத்தனை லைட்டா என்று எண்ணி எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய நண்பருக்கு வரவில்லை. எழுந்துபோய் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது.

“நம்ம ஸ்டாப்பு இன்னும் வரலியே!”

நண்பர் அவருடைய சாப்பாட்டுப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“தெரியும். இங்க லைட்டா எறங்கிட்டுப் போலாம், வா.”