புளியங்கட்டையோடு மூன்று நாள்

"தள்ளு! தள்ளு! தள்ளு!"

சனிக்கிழமை. மாலை ஐந்து நாற்பது. நான் குனிகிறேன். மாவு அண்டாவின் மேல் கவிழ்ந்து படுக்கிறேன். தலைக்கு மேல் ஏதோ போகிறது. விர்ரென்று. பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு அமைதி.

இரும்பு ஆப்பு. சம்மட்டி அடி தவறிப் பட்டதில் கட்டையிலிருந்து தெறித்துவிட்டது. என் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து, சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. முதலில் மாவைப் பார்த்தேன். சிந்தவில்லை. காதை அப்புறம்தான் தொட்டுப் பார்த்தேன்.

"ஏன்ரீ இது! நில்சி! நில்சி!"

மாடியிலிருந்து வீட்டு ஓனரம்மா கன்னடத்தில் கத்துகிறார். நிறுத்தச் சொல்கிறார். மூன்று நாளாகச் சொல்கிறார். நானும் மூன்று நாளாகச் சொல்கிறேன். சம்மட்டி பிடித்தவர் காதில் ஏறினால்தானே.

எழுதி வைக்கிறேன். சிலிண்டர் வந்த மறுநாளே எங்கள் ஜீவனஹள்ளியில் எல்லோரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். நான் மறக்க மாட்டேன்.

சண்டை எங்கோ நடந்தது. கடலுக்கு அப்பால். கப்பல் வரவில்லை என்றார்கள். முதலில் ஓட்டல்களுக்கு கேஸ் நின்றது. அடுத்த வாரம் எங்களுக்கு. நான் வீட்டிலேயே இட்லி அவித்து ஆர்டருக்குக் கொடுப்பவள். கேஸ் இல்லையென்றால் நானும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் பூசை முடிந்ததும் காலை உணவு. முந்நூறு இட்லி. ஆறு வருடம் கேட்டுக் கேட்டு இந்த வருடம்தான் எனக்குக் கிடைத்தது. இதை ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருடமும் எனக்கே. சொதப்பினால் வாசலில் காத்திருக்க நாலு பேர் இருக்கிறார்கள்.

விறகுத் தொட்டிக்குப் போனேன். காலி. ஓட்டல்காரர்கள் லோடு லோடாக அள்ளிவிட்டார்கள். சிவாஜிநகர் வரை போய்ப் பார்த்தேன். மூட்டை கட்டிய சவுக்குச் சுள்ளி மட்டும் இருந்தது. அது பொசுக்கென்று எரிந்து போகும். முந்நூறு இட்லிக்கு நின்று எரியும் விறகு வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு புளியமரம். பட்டுப்போய் இரண்டு வருடமாக நின்றது. புதன்கிழமை மழையில் சாய்ந்தது. அறுத்து அப்புறப்படுத்தினார்கள். அடிமரத்தில் ஒரு துண்டை நான் கேட்டு வாங்கினேன். என் இடுப்பு உயரம். நாலு பேர் உருட்டி வந்தார்கள். வியாழன் காலை பதினொன்றுக்கு எங்கள் திறந்த நடையில் வந்து விழுந்தது. தொம். மாடிக் குழாய் அதிர்ந்தது. அதோடு வாசற்கதவு பாதிதான் திறந்தது. நான் பக்கவாட்டில் நுழையப் பழகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டியோடு மைசூர் போயிருந்தார். அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டேன். கோலார் தங்கவயலில் இருப்பவர். சுரங்கத்தில் பாறை உடைத்தவர். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி எங்களைப் பார்க்க வருவார். இந்தத் தடவை வியாழன் மதியமே வந்துவிட்டார். பையில் நாலு ஆப்பு, ஒரு சம்மட்டி.

கட்டையைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார். பிறகு ஒரு குடம் தண்ணீரை எடுத்து அதன் மேல் கொட்டினார்.

நான் பதறிவிட்டேன். அவர் சிரித்தார்.

"நனைக்காம கை வைக்கக் கூடாதும்மா. தூசு மாருல போய் ஒக்காந்துக்கும்."

சுரங்கத்துச் சட்டம் அது. உடைக்கும் முன் நனை. உடைத்த பின் நனை. பாறைத் தூசி நெஞ்சில் இறங்கி இருமி இருமிச் செத்தவர்களை அவர் எண்ணிச் சொல்வார். அவருக்கே அந்த இருமல் உண்டு. எல்லாம் சரி. ஆனால் இது பாறையா? விறகு. எரிக்கப்போகிற விறகு. அதுவும் காவிரித் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது. மாவரைக்க நான் பிடித்து வைத்தது.

சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். எனக்காக வந்தவர். பெரியவர்.

வெல்டிங் கடையிலிருந்து டிரில்லிங் மெஷின் இரவல் வந்தது. கட்டையின் தலையில் வரிசையாகத் துளை. ஏழு. நூல் பிடித்த மாதிரி நேராக. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொம்பு தண்ணீர். பிறகு ஆப்பு. பிறகு சம்மட்டி. ஒவ்வோர் அடிக்கு முன்னும் மூன்று தடவை "தள்ளு!" வெடி வைக்கும் முன் சுரங்கத்தில் விலகச் சொல்லி இப்படித்தான் கூவுவார்களாம். கூவிவிட்டு நிற்பார். நாலு பக்கமும் பார்ப்பார். அப்புறம்தான் அடி. ணங். ஒரு மணி நேரத்தில் இருபது அடி. நான் எண்ணினேன். எண்ணாமல் வேறென்ன செய்ய.

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை. முதல் ஆப்பு சிக்கியது. தண்ணீர் குடித்த கட்டை உப்பிவிட்டது. ஆப்பைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. அதை எடுக்க இரண்டாவது. அதுவும் சிக்கியது. மதியத்துக்குள் மூன்று. கோடாலி எடுத்தார். காம்பு முறிந்தது. பக்கத்து வீட்டுக் கோடாலி. அதன் காம்பும் முறிந்தது. கட்டையில் ஒரு கீறல். ஓரத்திலிருந்து சில சிராய்கள் பெயர்ந்தன. அவற்றின் மேலும் ஒரு சொம்பு ஊற்றினார்.

சனிக்கிழமை மதியம் மாவு அரைத்து வந்தது. நாலு அண்டா. சமையலறையில் புழுக்கம். நடையில் வைத்தேன். மாவுக்குச் சண்டை தெரியாது. கட்டை தெரியாது. அது பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. நான் அண்டாவைப் பார்க்கிறேன். கட்டையைப் பார்க்கிறேன். தலை வெடிக்கிறது.

ஐந்து நாற்பது. நாலாவது ஆப்பு. ஜன்னல். அதைத்தான் முதலில் சொன்னேன்.

எழுந்தேன். அவர் ஓடி வந்தார். "பட்டுதாம்மா? எங்கம்மா பட்டுது?" ஒரு கையால் என் தலையைத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் மற்றொரு கையில் சொம்பு. தண்ணீர்ச் சொம்பு. அதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"இந்த லட்சணத்துல வேல செஞ்சிதான் மைன்ஸையே மூட வச்சீங்களா!"

நான்தான் கத்தினேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். சம்மட்டியைச் சுவரில் சாய்த்தார். கைகால் கழுவினார். பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பாதிக் கதவு வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து வெளியே போனார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கோபம் தணியவில்லை எனக்கு. தங்கவயல் போகும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்திருப்பார்.

ஞாயிறு. விடிகாலை நாலேகால். கல் கூட்டிய அடுப்பு. ஈரச் சிராய். புகை. கண் திறக்க முடியவில்லை. சுள்ளியைத் திணித்தேன். எரிந்தது. அணைந்தது. முதல் ஈடு வேக ஐம்பது நிமிடம். இரண்டாவது ஈடு நடுவில் வேகவே இல்லை. ஏழே காலுக்குக் கோயில் மணி கேட்டது. கையில் நூற்றுப்பத்து இட்லி. எல்லாவற்றிலும் புகை நாற்றம். பூசை முடிந்து வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒன்று வைத்தேன். மீதிப் பேருக்கு யாரோ ஓடிப்போய் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்தார்கள். "பரவாயில்லம்மா" என்றார் ஃபாதர். திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை சிலிண்டர் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கட்டை நடையிலேயே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உதைத்தேன். மூன்று வாரம் நல்ல வெயில். ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு இருபது. டப். தரையில் குந்திவிட்டேன். மெல்ல எட்டிப் பார்த்தேன். கட்டை பிளந்து கிடந்தது. உச்சியிலிருந்து அடிவரை. அவர் போட்ட ஏழு துளை வழியாக, நேராக. மூன்று ஆப்பும் கழன்று தரையில் கிடந்தன.

போன் போட்டேன். எடுத்தார். சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எதிர்ப்பக்கம் இருமல். பிறகு, "தண்ணி தெளிச்சிட்டு அள்ளும்மா. தூசு" என்றார். வைத்துவிட்டார்.

இழந்தவை. கோடாலிக் காம்பு இரண்டு. ஜன்னல் கண்ணாடி ஒன்று. காவிரித் தண்ணீர் பதினாலு குடம். கொடுக்காத இட்லி நூற்றுத் தொண்ணூறு. அடுத்த வருடத்து ஆர்டர்.

ஆள் ஒருவர். உயிரோடுதான் இருக்கிறார். இதோடு ஒன்பது சனிக்கிழமை. வரவில்லை.